பெயர் எழுதாத கோப்பை

பெங்களூரில் அல்சூரை ஒட்டி, பழைய மெட்ராஸ் சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது மர்பி டவுன். கண்டோன்மென்ட்டில் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியராக இருந்த டபிள்யூ. எச். மர்பியின் பெயர் அது. முந்தைய பெயர் நாக்ஸ்பேட்டை. பெயர் இரண்டும் வெள்ளைக்காரர்களுடையவை, குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பட்டாளத்தோடு வந்தவர்கள், பட்டாளத்துக்குச் சமைக்கவும் துவைக்கவும் குதிரை பார்க்கவும் கட்டடம் கட்டவும் வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். கண்டோன்மென்ட்டின் ஓரங்களில் இப்படிப்பட்ட உழைப்பாளிக் குடியிருப்புகள் இன்னும் உண்டு. கௌதமபுரம் ஒன்று, ஆஸ்டின் டவுன் ஒன்று. மூன்று இடத்திலும் தெருவில் தமிழ் கேட்கும். மூன்று இடத்திலும் சாயங்காலம் ஆனால் பந்து உருளும்.

இந்தியக் கால்பந்தின் கதையை எழுதுகிறவர்கள் வழக்கமாகக் கொல்கத்தாவில் தொடங்கிக் கொல்கத்தாவில் முடித்துவிடுவார்கள். இடையில் கொஞ்சம் ஹைதராபாத், பின்னால் கோவா, கேரளம். மைசூர் என்ற பெயர் மாநிலங்களுக்கு இடையே நடக்கும் சந்தோஷ் கோப்பையின் வெற்றிப் பட்டியலில் நான்கு முறை வரும்: 1946-47, 1952-53, 1967-68, 1968-69. நான்கு முறையும் இறுதி ஆட்டத்தில் தோற்றது வங்காளம். இந்திய மாநிலங்களில் கால்பந்துக்கு வங்காளம்தான் கோட்டை என்றால், அந்தக் கோட்டையை நான்கு தடவை தகர்த்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வி எழ வேண்டும். அரண்மனை இருக்கும் மைசூர் நகரத்திலிருந்து வந்தவர்கள் என்று அந்தப் பெயரைப் பார்த்து ஒருவர் நினைக்கலாம். மைசூர் அணியின் பலம் பெங்களூர்க் கண்டோன்மென்ட்டின் தெருக்களில் இருந்தது.

கதையின் வேர் பட்டாளத்தில். ஸ்ரீரங்கப்பட்டணத்தின் கொசுவும் காய்ச்சலும் தாங்காமல் ஆங்கிலேயர் தங்கள் படையைப் பெங்களூருக்கு நகர்த்தியது 1809 வாக்கில். பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருக்கும் மேட்டு நிலம், காற்று குளிர்ச்சி. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அல்சூர் ஏரிப் பக்கம் வந்து நிலைத்தது. இன்றைய எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) அதுதான். அந்தப் படையின் சிப்பாய்க்கு இன்றுவரை செல்லப்பெயர் ‘தம்பி’. வட ஆற்காட்டிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் படைக்குப் பின்னால் சனம் வந்தது. கண்டோன்மென்ட் தனி ஊராக வளர்ந்தது. மைசூர் மகாராஜாவின் ராஜ்யத்துக்குள் இருந்தாலும் நிர்வாகம் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் கையில் இருந்தது.

வெள்ளைக்காரப் படைப்பிரிவுகள் பரேடு மைதானத்தில் கால்பந்து ஆடின. எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்த பையன்கள் பந்தை எடுத்துக் கொடுத்தார்கள். பிறகு தாங்களே ஆடினார்கள். பந்தயம் வைத்தார்கள், கிளப் கட்டினார்கள். அல்சூருக்குப் பக்கத்தில் ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873-இல் தொடங்கிய பள்ளிக்கூடம் உண்டு. இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிய கான்ட்ராக்டர் அவர்தான். ஏழைப் பிள்ளைகள் படிக்க அவர் வைத்த அந்தப் பள்ளியின் மைதானம் ஆர்.பி.ஏ.என்.எம். கிரவுண்ட் என்ற பெயரில் பெங்களூர்க் கால்பந்தின் பழைய வீடுகளில் ஒன்றாக இருந்தது. ஒரு தமிழ்க் கான்ட்ராக்டரின் தர்மம் இப்படி ஒரு வழியிலும் பலன் தந்தது.

அந்தக் காலத்துப் பந்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அன்றைய ஆட்டத்தின் கஷ்டம் புரியும். தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த உறை, அதற்குள் ரப்பர் பிளாடர். பிளாடரில் காற்றடித்து, அதன் கழுத்தை நூலால் கட்டி, மடித்து உள்ளே திணித்து, பிறகு உறையின் பிளவை ஷூவுக்கு லேஸ் கட்டுவதுபோல் இழுத்துக் கட்ட வேண்டும். கட்டிய இடம் புடைத்து நிற்கும். அந்தப் பக்கம் நெற்றியில் பட்டால் தோல் கிழியும். மழையில் தோல் தண்ணீர் குடித்து, அரை மணி நேரத்தில் பந்து கல்லாகக் கனக்கும். இந்தப் பந்தை மர்பி டவுன் பையன்களும் அல்சூர் பையன்களும் வெறுங்காலால் ஆடினார்கள். கணுக்காலைச் சுற்றித் துணிப்பட்டை, அவ்வளவுதான் கவசம். பூட்ஸ் வாங்கக் காசில்லை என்பது ஒரு காரணம். காய்ந்த செம்மண் தரையில் வெறுங்கால்தான் பந்தோடு பேசும் என்று அவர்கள் நம்பியது இன்னொரு காரணம். விரலால் தட்டி, புறங்காலால் தூக்கி, உள்ளங்காலால் இழுத்து நிறுத்தி ஆடும் அந்த ஆட்டத்தில் பலத்தைவிடக் கால் நயம்தான் முக்கியம்.

அந்த நயம் முதன்முதலில் நாடு பார்க்க வெளிப்பட்டது 1937-இல். பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை 1891 முதல் நடந்து வந்த போட்டி. அதுவரை அதை வென்றவை எல்லாம் வெள்ளைக்காரப் பட்டாள அணிகள். 1937-இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி இறுதி ஆட்டத்தில் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங்கை வென்று, ரோவர்ஸ் கோப்பையைத் தொட்ட முதல் இந்திய அணி ஆனது. அடுத்த ஆண்டு ஆர்கில் அண்ட் சதர்லண்ட் ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவை வீழ்த்தி மீண்டும் கோப்பையை எடுத்தது. 1911-இல் மோகன் பகான் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வென்றதை நாடே இன்றும் கொண்டாடுகிறது, கொண்டாடத்தான் வேண்டும். 1937-க்கும் அந்த மரியாதையில் ஒரு பங்கு சேர வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை.

1946-47 பருவத்துக்கு வருவோம். இந்தியக் கால்பந்தில் இதைப்போல் ஒரு பருவம் மறுபடி வரவில்லை.

போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1946 ஆகஸ்டில் கொல்கத்தா கலவரத்தில் எரிந்தது. அந்த ஆண்டு ஐ.எஃப்.ஏ. ஷீல்டு நடக்கவே இல்லை. ரத்தம் காயாத நகரத்திலிருந்து வங்காள அணி புறப்பட்டு வந்தது. தேசியப் போட்டி அந்த முறை பெங்களூரில். சந்தோஷ் கோப்பை அப்போது குழந்தை. 1941-இல் தொடங்கி, போரினால் இடைவெளி விட்டு, மூன்றே முறை நடந்திருந்தது. வங்காளம் இரண்டு முறை, டெல்லி ஒரு முறை. நான்காவது முறை, சொந்த மண்ணில், சொந்தச் சனத்தின் முன்னால், மைசூர் வங்காளத்தை வென்றது.

அந்தப் பருவம் தொடங்கியபோது அல்சூரும் மர்பி டவுனும் மைசூர் மகாராஜாவின் ஆட்சியில் இல்லை. சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்று அழைக்கப்பட்ட கண்டோன்மென்ட் மைசூரோடு திரும்பச் சேர்ந்தது 1947 ஜூலையில், சுதந்திரத்துக்குச் சில வாரங்கள் முன்னால். கண்டோன்மென்ட்டும் பெங்களூர்ப் பேட்டையும் ஒரே மாநகராட்சியாக இணைந்தது 1949 டிசம்பரில். அரசாங்கம் ஒன்று சேர்க்கும் முன்பே கால்பந்து இரண்டையும் ஒரே சட்டைக்குள் சேர்த்துவிட்டது. கண்டோன்மென்ட் பையன் மைசூருக்காக ஆடினான். அவன் வீட்டில் தமிழ், தெருவில் உருதுவும் தெலுங்கும், நகரத்தில் கன்னடம், மைதானத்தில் எல்லாம் கலந்த ஒரு பாஷை. மொழிக்காகச் சண்டை போடத் துடிக்கிறவர்கள் இந்த அணியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

அதே பருவம் இங்கிலாந்தில் எப்படி நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெங்களூருக்கு இந்த ஆட்டத்தைக் கொடுத்த தேசம் அது. போருக்குப் பிறகு அங்கே முழு லீக் நடந்த முதல் பருவம் 1946-47. அந்தக் குளிர்காலம் கொடுமையானது. பனி மூடி மைதானங்கள் உறைந்தன, ஆட்டங்கள் குவியலாக ஒத்திவைக்கப்பட்டன. நிலக்கரித் தட்டுப்பாட்டில் தொழிற்சாலைகள் தடுமாற, வாரநாள் ஆட்டங்களை அரசாங்கமே நிறுத்தச் சொன்னது. ஏப்ரல், மே மாதத்தில் முடிய வேண்டிய லீக் ஜூன் 14 வரை இழுத்தது. லிவர்பூல் தன் கடைசி ஆட்டத்தை மே 31-இல் முடித்துவிட்டு, இரண்டு வாரம் காத்திருந்தது. ஸ்டோக் சிட்டி கடைசி ஆட்டத்தில் ஜெயித்திருந்தால் பட்டம் ஸ்டோக்குக்கு. ஷெஃபீல்டு யுனைட்டெடிடம் ஸ்டோக் தோற்றது, லிவர்பூல் சாம்பியன். அந்த லிவர்பூல் அணியில் ஆடிய பாப் பெய்ஸ்லி பின்னால் அதே கிளப்பின் மேனேஜராகி மூன்று ஐரோப்பியக் கோப்பைகளை எடுத்துக் கொடுத்தார்.

லிவர்பூல் அணியில் அன்று யார் எந்த இடத்தில் ஆடினார், யார் எந்த நிமிஷத்தில் கோல் போட்டார் என்பதை இன்று ஒரு பள்ளிக்கூடப் பையன்கூட ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடுவான். அதே பருவத்தில் பெங்களூரில் கோப்பை எடுத்த அணிக்குப் பட்டியலில் கிடைத்தது ஒரே சொல்: மைசூர். கோப்பையில் பெயர் செதுக்கியவர்கள் மாநிலத்தின் பெயரைப் போட்டார்கள். ஆட்களின் பெயரைப் பத்திரமாக வைக்கும் வேலையை ஊர்தான் செய்ய வேண்டும்.

ஆனால் 1948 அந்த ஆட்களில் சிலரை உலகத்தின் முன்னால் நிறுத்தியது.

லண்டன் ஒலிம்பிக்ஸுக்குச் சுதந்திர இந்தியா தன் முதல் கால்பந்து அணியை அனுப்பியது. நாகாலாந்து மண்ணின் மைந்தரான டாக்டர் டி. ஆவ் கேப்டன். அணியில் பெங்களூரின் பங்கைப் பாருங்கள்: அகமது கான், சாரங்கபாணி ராமன், தன்ராஜ், வஜ்ரவேலு, பஷீர், கோல்கீப்பர் வரதராஜ். ஒரு நாட்டின் அணிக்கு ஒரே ஊர் இத்தனை பேரைக் கொடுத்தது. கொடுத்த ஊர் கொல்கத்தா இல்லை என்பதை அந்தப் பெயர்களே சொல்கின்றன. ராமனும் வஜ்ரவேலுவும் வரதராஜும் அல்சூர்ப் பக்கம் எந்தத் தெருவில் கூப்பிட்டாலும் யாராவது ஒருவர் திரும்பிப் பார்க்கிற பெயர்கள்.

1948 ஜூலை 31. லண்டனுக்கு வெளியே இல்ஃபோர்டில் கிரிக்கிள்ஃபீல்டு மைதானம், எதிரே பிரான்ஸ். இந்தியர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கினார்கள். சிலர் சாக்ஸ் மட்டும், சிலர் பட்டை மட்டும். பூட்ஸ் போட்ட பிரெஞ்சுக்காரர்களின் நடுவில் அந்தக் கால்களைப் பார்த்த ஆங்கிலக் கூட்டம் முதலில் வியந்தது, பிறகு கைதட்டியது. முப்பதாவது நிமிஷத்தில் பிரான்ஸ் ஒரு கோல் போட்டது. இந்தியாவுக்கு இரண்டு பெனால்ட்டி கிடைத்தன. இரண்டும் வீணாயின. எழுபதாவது நிமிஷத்தில் சாரங்கபாணி ராமன் கோல் போட்டார். ஒன்றுக்கு ஒன்று. சுதந்திர இந்தியா சர்வதேசக் கால்பந்தில் போட்ட முதல் கோல் அது. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது பெர்சியோன் இரண்டாவது கோலைப் போட்டு பிரான்ஸைக் காப்பாற்றினார்.

தோல்விதான். இருந்தும் அந்த 1-2 இந்தியக் கால்பந்தின் பெருமைக் கணக்கில் எழுதப்பட்டது. ராமனின் பெயர் அந்தக் கணக்கில் எவ்வளவு பெரிதாக எழுதப்பட்டிருக்க வேண்டும்! ஹாக்கியில் தியான்சந்தின் பெயரைச் சொல்லாத பள்ளிப் பாடம் இல்லை. இந்தியாவின் முதல் கோலைப் போட்டவர் யார் என்று பெங்களூரிலேயே பத்துப் பேரைக் கேட்டால் எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள்?

லண்டன் முடிந்ததும் கொல்கத்தா கைநீட்டியது. ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் முன்வரிசையில் ஐவர் சேர்ந்தார்கள். வங்காளிகள் அவர்களுக்கு வைத்த பெயர் பஞ்ச பாண்டவர். அகமது கான், வெங்கடேஷ், தன்ராஜ் மூவரும் பெங்களூர்க்காரர்கள், அப்பாராவ் காக்கிநாடா, சாலே கேரளம். ஐவரில் ஒருவர்கூட வங்காளி இல்லை. 1949-இல் ஈஸ்ட் பெங்கால் கல்கத்தா லீக், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, ரோவர்ஸ் மூன்றையும் ஒரே பருவத்தில் எடுத்தது. ஷீல்டை 1949, 1950, 1951 என்று தொடர்ந்து மூன்று முறை எடுத்தது. பிரிவினையில் வீடு இழந்து கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளுக்கு அந்த ஐவரின் ஆட்டம் மருந்தாக இருந்தது. தென்னாட்டுப் பையன்களின் காலில் தங்கள் மானம் இருப்பதாக அவர்கள் உணர்ந்தார்கள். அகமது கானைப் ‘பாம்பாட்டி’ என்று அழைத்தார்கள், பந்து அவர் காலுக்கு அப்படி மயங்கியது. 2017-இல் தொண்ணூறு வயதில் பெங்களூரில் அவர் கண்மூடினார்.

வெறுங்காலின் காலம் ஹெல்சிங்கியில் முடிந்தது. 1952 ஜூலை 15, ஒலிம்பிக்ஸ், யூகோஸ்லாவியா. பின்லாந்தின் குளிரில், ஈரப் புல்லில், இந்தியா 10-1 என்று தோற்றது. அந்த ஒற்றை கோலைப் போட்டவர் அகமது கான். யூகோஸ்லாவியா அந்த ஒலிம்பிக்ஸில் வெள்ளி வாங்கிய அணி, அதனிடம் தோற்பதில் அவமானமில்லை. ஆனால் பத்து கோல் வேறு விஷயம். அதற்குப் பிறகு பூட்ஸ் கட்டாயமானது. வெறுங்காலில் தொடங்கியவனுக்குப் பூட்ஸ் முதலில் விலங்கு. பாதம் பந்தை உணராது, விரல் நுனியில் செய்த வேலையை ஷூ நுனியில் மறுபடி கற்க வேண்டும். அதே 1952-53 பருவத்தில், மீண்டும் பெங்களூரில், மைசூர் வங்காளத்தை வென்று இரண்டாவது முறை சந்தோஷ் கோப்பை எடுத்தது.

பூட்ஸ் போட்ட தலைமுறையில் கண்டோன்மென்ட் தந்த பெரிய பெயர் அருமைநாயகம். மோகன் பகானின் லெஃப்ட் அவுட். 1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற இந்திய அணியில் அவர் இருந்தார். இந்தியக் கால்பந்து அதற்குப் பிறகு அந்த உயரத்தை எட்டவில்லை. அதே அணியில் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். அவர் வளர்ந்த பட்டறை இன்னொரு தமிழ்ப் பட்டாளம்: வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர். அந்த அணி 1955-இலும் 1958-இலும் டூராண்டு கோப்பை எடுத்தது. தமிழ்நாடு என்ற மாநில அணி சந்தோஷ் கோப்பையை இதுவரை ஒருமுறைகூட வென்றதில்லை. தமிழர்களின் கால்பந்தைத் தேடுகிறவர்கள் மாநில எல்லையைத் தாண்டி, பட்டாள முகாம்களிலும் கோலார் தங்கவயல் லைன்களிலும் பெங்களூர்க் கண்டோன்மென்ட் சந்துகளிலும் தேட வேண்டும்.

அறுபதுகளில் இந்தக் கதைக்கு இன்னொரு பாத்திரம் வந்தது: சர்க்கார் தொழிற்சாலை. மர்பி டவுன் பக்கம் ஓடும் அதே பழைய மெட்ராஸ் சாலையில் கிழக்கே போனால், கே.ஆர்.புரத்துக்குச் சற்று முன்னால் தூரவாணி நகர். தூரவாணி என்றால் கன்னடத்தில் தொலைபேசி. 1948-இல் தொடங்கிய இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் (ஐ.டி.ஐ.) அங்கேதான். தெற்கே எச்.ஏ.எல். அது போர்க்காலத்திலேயே வந்துவிட்டது. பிறகு எச்.எம்.டி., பி.இ.எல்., எல்.ஆர்.டி.இ., பி.இ.எம்.எல். ஒவ்வொன்றுக்கும் கால்பந்து அணி, அணிக்கு ஆள் எடுக்க ஸ்போர்ட்ஸ் கோட்டா.

அந்தக் கோட்டா ஒரு குடும்பத்துக்கு என்ன செய்தது என்பதை வெளியிலிருந்து அளப்பது கடினம். இரண்டு தலைமுறையாகக் கூலிக்குப் போன வீட்டில் ஒரு பையன் நன்றாகப் பந்து ஆடினான் என்பதற்காக மத்திய சர்க்கார் கம்பெனியில் பெர்மனென்ட் வேலை. கேன்டீன் சாப்பாடு, பி.எஃப்., கம்பெனி பஸ். காலையில் ஷிஃப்ட், மத்தியானத்துக்கு மேல் பிராக்டிஸ். மகன் ஆட்டத்தில் கெட்டுப்போவான் என்று பயந்த அம்மாக்கள், ஆட்டம்தான் சோறு போடும் என்று அப்போது பார்த்தார்கள். கொல்கத்தாவுக்கு ஓடிப்போய்ப் பேர் வாங்குவது ஒரு வழியாக இருந்தது, ஊரிலேயே நின்று குடும்பத்தைக் கரையேற்றுவது இன்னொரு வழியாக ஆனது. 1967-68-இல் கட்டக்கிலும் 1968-69-இல் பெங்களூரிலும் மைசூர் அடுத்தடுத்து இரண்டு முறை சந்தோஷ் கோப்பை எடுத்ததன் பின்னால் இந்தத் தொழிற்சாலை வாசல்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தக் காலத்தின் உச்சம் 1977. அதுவரை இந்தியாவில் கிளப்புகளுக்கென்று ஒரு தேசியப் போட்டி இல்லை. ரோவர்ஸ், டூராண்டு, ஷீல்டு எல்லாம் அழைப்பின் பேரில் நடந்தவை. 1977-இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஃபெடரேஷன் கோப்பையைத் தொடங்கியது. இடம் எர்ணாகுளம். இறுதி ஆட்டத்தில் ஒரு பக்கம் மோகன் பகான், நாட்டின் மிகப் பணக்கார, மிகப் புகழ்பெற்ற அணி. எதிர்ப்பக்கம் தொலைபேசி செய்யும் தொழிலாளிகளின் ஐ.டி.ஐ. ஐ.டி.ஐ. 1-0 என்று வென்றது. இந்தியாவின் முதல் தேசியக் கிளப் சாம்பியன் பழைய மெட்ராஸ் சாலையில் இருந்த ஒரு கம்பெனி டீம்.

தோற்ற மோகன் பகான் சாதாரண அணி இல்லை. அதே ஆண்டு ஷீல்டு, ரோவர்ஸ், டூராண்டு மூன்றையும் எடுத்தது. செப்டம்பர் 24 அன்று ஈடன் கார்டன்ஸில் நியூயார்க் காஸ்மோஸ் வந்து ஆடியது. பீலே ஆடினார். திரண்ட கூட்டத்தின் முன்னால் மோகன் பகான் 2-2 என்று சமன் செய்தது. அந்த ஆட்டத்தைப் பற்றிப் புத்தகங்கள் வந்தன, இன்றும் வங்காளத்தில் கண்ணீரோடு பேசுகிறார்கள். பீலேயின் அணியைச் சமாளித்த அணியைச் சில மாதங்களுக்கு முன் வீழ்த்தியவர்கள் மறுநாள் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள்.

பீலேயைப் பெங்களூர் மறக்கவில்லை. மர்பி டவுனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், கௌதமபுரத்தில் ஒரு தெருமுனை. அங்கே சிலைகள் இருக்கின்றன. புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா, அவர்களோடு பீலே. உடம்பில் பிரேசிலின் மஞ்சள் சட்டை. உலகக் கோப்பை வந்தால் அந்தத் தெருக்கள் மஞ்சளும் பச்சையுமாக மாறும், நகரம் அந்த இடத்தை மினி பிரேசில் என்றே கூப்பிடுகிறது. 2022 டிசம்பரில் பீலே இறந்தபோது அந்தச் சிலைக்கு மாலை விழுந்தது. ஏழையாகப் பிறந்த கறுப்பு மனிதர் ஒருவர் பந்தால் உலகத்தை வென்றதை இந்தத் தெரு தன் சொந்த விஷயமாக எடுத்துக்கொண்டது. அம்பேத்கருக்குப் பக்கத்தில் பீலேயை நிறுத்திய சனத்துக்குத் தாங்கள் என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரியும். அந்தப் பீடத்தில் சாரங்கபாணி ராமனுக்கும் ஓர் இடம் வேண்டும்.

ஆஸ்டின் டவுனின் நந்தன் கிரவுண்டில் காலை நேரத்தில் போய் நின்றால், இந்த ஆட்டம் இன்னும் சாகவில்லை என்பது தெரியும். அந்தப் பக்கத்துப் பையன்தான் கார்ல்டன் சாப்மன். டாட்டா அகாடமிக்குப் போய், ஈஸ்ட் பெங்காலுக்குப் போய், 1993-இல் ஆசியக் கோப்பை வின்னர்ஸ் கப்பில் ஈராக்கின் அல் ஸவ்ராவுக்கு எதிராக ஹாட்ரிக் போட்டார். 1997-இல் சாஃப் கோப்பை வென்ற இந்திய அணிக்கு அவர்தான் கேப்டன். 2020 அக்டோபரில், 49 வயதில், பெங்களூரில் காலமானார்.

தொண்ணூறுகளில் தொலைபேசித் துறை தனியாருக்குத் திறந்தது, ஐ.டி.ஐ. நொடித்தது. கம்பெனிகள் ஸ்போர்ட்ஸ் கோட்டாவைச் சுருக்கின. தேசிய லீக் வந்த பிறகு ஐ.டி.ஐ.யும் எச்.ஏ.எல்.லும் அதில் ஆடின, ஆனால் காசு கொட்டும் கிளப்புகளுக்கு நடுவில் சம்பளக்கார அணிகளுக்கு மூச்சு முட்டியது. பையன்களுக்குப் பந்தும் வேலையும் ஒன்றாகக் கிடைத்த வாசல் மூடிக்கொண்டது.

2013-இல் பெங்களூரு எஃப்.சி. பிறந்தது. கால் வைத்த முதல் பருவத்திலேயே ஐ-லீக் பட்டம் எடுத்தது. அந்தப் பருவத்தின் சொந்த மைதானம் அசோக் நகரின் பழைய கால்பந்து ஸ்டேடியம், கண்டோன்மென்ட் ரசிகன் காலங்காலமாக உட்கார்ந்த இடம். 2016-இல் ஏ.எஃப்.சி. கோப்பை இறுதி வரை போனது, இந்திய கிளப் ஒன்று அதுவரை போகாத தூரம். நல்ல விஷயம், நகரத்துக்குப் பெருமை. ஆனாலும் பழைய தெருக்களில் வேறொரு ஏக்கம் பாக்கி இருந்தது. அது தீர்ந்தது 2023 மார்ச் 4-இல், ரியாத்தில். மேகாலயாவை 3-2 என்று வென்று, பழைய மைசூரான கர்நாடகம் சந்தோஷ் கோப்பை எடுத்தது. 54 ஆண்டு கழித்து.

நான்கு மைசூர், ஒரு கர்நாடகம். கோப்பையில் ஐந்து வரி. அந்த வரிகளுக்குள் அடங்காத பெயர்கள் மர்பி டவுனிலும் அல்சூரிலும் கௌதமபுரத்திலும் ஆஸ்டின் டவுனிலும் தூரவாணி நகர்க் குவார்ட்டர்ஸிலும் வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன: கறுப்பு வெள்ளை குரூப் போட்டோ, முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்தவர்கள், நடுவில் ஷீல்டு, பின்னால் நிற்பவர்கள், ஓரத்தில் பந்தோடு ஒரு பையன். தாத்தா எது, பக்கத்தில் நிற்பவர் யார் என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு படம் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அதைச் சுவரிலிருந்து இறக்கி, பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு பெயரையும், கிளப்பையும், ஆண்டையும் கேட்டு, படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள்.